போடியாரின் அறைக்குப் பெயின்ற் அடித்தாயிற்று

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், மகனே. ஊர் உறங்குகிற நேரத்தில் உன் போன் சத்தம் போட்டு உன்னையும் உன் அறைக் கூட்டாளிகளையும் எழுப்பும் என்று தெரியும். பகலில் எழுதக் கை ஒழியவில்லை. ரதி சைப்பிரசுக்குப் போன பிறகு இரவுக் கடமைக்கு ஆள் கிடைக்கவில்லை. றோஸ் அன்ரி பகல் முழுக்க நின்றுவிட்டு இப்போதுதான் காலை நீட்டியிருக்கிறார். ஆகவே நான் முழித்திருக்கிறேன். கட்டில் கட்டிலாகப் போய் ஆட்களைப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, இந்தக் கதிரையில் இருந்து கொஞ்சம் எழுதுகிறேன், பிறகு எழும்பிப் போகிறேன். விட்டு விட்டு வாசிப்பதுபோல உனக்கு இருந்தால் அதுதான் காரணம். தூக்கக் கலக்கத்தில் அம்மா எதையோ எழுதிவிட்டாள் என்று மட்டும் நினைக்காதே. சொல்ல வேண்டியதை எல்லாம் பகலிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் மகனுக்குத் தாய் எழுதுகிற புத்திமதிகள் எனக்கும் தெரியும். கோபத்தை அடக்கு, சாப்பாட்டில் குறை பிடிக்காதே, பெண்டாட்டி தாய்வீட்டைப் பற்றிப் பேசும்போது முகத்தைச் சுளிக்காதே. கடைசியாகச் சொன்னது உனக்குத் தேவைப்படாது. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தர்ஷி எங்கும் வரப்போவதில்லை, நீதான் அவளுடைய வீட்டில் போய் ஏறப்போகிறாய். நான் எழுத வந்தது அந்த வீட்டைப் பற்றி. அதிலும் வேப்பமரத்துப் பக்கத்து அறையைப் பற்றி. அதற்கு நீலப் பெயின்ற் அடித்து, உங்கள் இரண்டு பேருக்கும் என்று புதுக் கட்டிலும் இறக்கியாயிற்று. நான் என் கண்ணாலேயே பார்த்தேன். அது தர்ஷியின் அம்மப்பா போடியாருடைய அறை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் இங்கே, நீ வழக்கமாகப் படுக்கிற வராந்தாவுக்குப் பக்கத்துக் கட்டிலில், வாயைத் திறந்தபடி கிடக்கிறார்.

இந்த முதியோர் இல்லத்தைத் தொடங்கியபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். உன் அப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் வாவிக்கரையில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பிறகு அவர் அங்கேயே இன்னொரு குடும்பமாகிப் போனார். காசு நின்றுவிட்டது, கட்டில்கள் மட்டும் மிஞ்சின. சின்ன வயதில் உன்னைப் பெற்று, உன்னை மடியில் போட்டுக்கொண்டே வெளிவாரிப் பட்டம் படித்தவள் நான். பட்டத்துக்கு அரச வேலை வரும் வரும் என்று பார்த்திருந்து, வராமல் போன பிறகு இதை நம்பினேன். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், பெற்றவர்கள் இங்கே படுக்கையில். எல்லோருக்கும் நான் தேவைப்படுவேன் என்று நினைத்தேன். தேவைப்பட்டேன்தான். பம்பஸ் விலை ஏறியது, கரண்ட் பில் ஏறியது, காஸ் ஏறியது. மாதக் கட்டணத்தை ஏற்றலாமா என்று கேட்டால், "இஞ்சையும் கஷ்டம்தான் மிஸ்" என்றார்கள் கனடாப் பிள்ளைகள். நான் பழக்கிய பெண்பிள்ளைகள் மூத்திரம் போகிற சலக்குழாய் மாற்றக் கற்றுக்கொண்டதும் வெளிநாட்டு ஏஜென்சிக்காரன் வாசலில் நின்றான். ரதி போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ் தந்த சேட்டிபிக்கற்றாலதான் விசாவே வந்த" என்று அழுதாள். நன்றாக எழுதிக் கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

யப்பானில் முதியவர்களைப் பராமரிக்கப் போகிற உங்களுக்குக் கொழும்பில் பொம்மையைக் கட்டிலில் போட்டுப் பழக்குகிறார்கள் என்று சொன்னாய். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், பிறகு தொடுவதற்கு அனுமதி கேட்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். நல்லது. நீ போன பிறகு இங்கே எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள். பொழுதுபட்ட பிறகு ஒருவருக்கும் தண்ணீர் கொடுப்பதில்லை. கொடுத்தால் இரவில் நனையும், நனைந்தால் மாற்ற நான் ஒருத்திதான். பூரணம் அம்மாவின் முடியை வெட்டிவிட்டேன். இடுப்பு வரைக்கும் இருந்த முடி, எண்ணெய் வைத்துச் சீவி முடிய ஆளில்லை, பேன் பிடித்துவிட்டது. வெட்டின அன்றிலிருந்து அவர், "என்ர கொண்டையைத் தாங்க பிள்ள, நான் போகோணும்" என்று கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார். ஊட்டிவிட ஆளில்லாததால் எல்லோருக்கும் கஞ்சி. சேலைன் ஊசியைப் பிடுங்குகிறவர்களின் கையை மெல்லிய சேலைத் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டுகிறேன். இதை எல்லாம் நான் மனம் உருகி எழுதவில்லை. நாளைக்கும் இதைத்தான் செய்வேன். ஆட்கள் இல்லாத இடத்தில் முதலில் போவது கொண்டை, பிறகு தண்ணீர், பிறகு கண்ணைப் பார்த்துப் பேசுவது. யப்பானில் உனக்கு இதைப் படிப்பிக்கமாட்டார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

போடியார் இங்கே வந்தபோது நீதான் அவரை வானிலிருந்து தூக்கி இறக்கினாய். ஒரு காலத்தில் ஊரில் பாதி வயல் வட்டைக்குச் சொந்தக்காரர், விழுந்து இடுப்பு உடைந்து, பழக்கமில்லாதவர்கள் மூன்று பேர் சேர்ந்தாலும் புரட்ட முடியாத பாரமாக வந்து சேர்ந்தார். மகள் நவமணிக்கு முதுகு வருத்தம், தூக்க ஏலாது. அதில் பொய் இல்லை. அவருடைய வயலையே குத்தகைக்குக் கொடுத்து, அந்தக் காசில் மாதா மாதம் இங்கே கட்டினார்கள். நீ அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்து, "போடியார், வயலுக்குப் போவமா" என்று கேட்டுத் தூக்குவாய். "மாட்டை அவிழ்த்தியாடா முதல்ல" என்று அவர் கேட்பார். "மாடு போய் உழுது முடிச்சுத் தேத்தண்ணியும் குடிச்சிட்டு, நீங்கதான் பிந்தி" என்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி தர்ஷி வந்து கட்டில் காலடியில் நின்று இதைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் உன் முகத்தைப் பார்த்து உன்னை விரும்பவில்லை, மகனே. உன் முகத்தில் அவ்வளவாக ஒன்றும் இல்லை. தன் அம்மப்பாவை நோகாமல் தூக்குகிற கையைத்தான் அவள் விரும்பினாள். அந்தக் கை இப்போது எங்கே என்று அவளும் உன்னிடம் கேட்கவில்லை, நீயும் உன்னிடம் கேட்கவில்லை.

கல்யாணம் பேசி முடித்தபோது நானும் சந்தோசப்பட்டேன். சந்தோசத்தோடு நான் யோசிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. அடுத்த மாதம் பிறந்து கட்டணம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. போன் எடுத்து, மெதுவாக, வேறு கதைகளுக்கு நடுவே கேட்டேன். "என்ன மச்சாள்" என்றார் நவமணி. அதுவரைக்கும் நான் மிஸ், அன்றைக்குத்தான் மச்சாள் ஆனேன். "இனிச் சொந்தம்தானே. சம்பந்தி வீட்டுக்காரருக்கு மாதம் மாதம் பில் அனுப்பினா ஊரில சிரிக்க மாட்டாங்களா. உங்கட மகன் வந்து இரிக்கப்போற வீட்டுக்குத்தானே நானும் செலவழிக்கிறன்." கனடாக்காரரோடு வாதாடியிருக்கிறேன், மருந்துக் கடைக்காரனோடு சண்டை பிடித்திருக்கிறேன். மச்சாள் என்று கூப்பிடுகிறவரிடம் காசு எப்படிக் கேட்பது என்று எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குப் படிப்பிக்கவில்லை. றோஸ் அன்ரிதான் சொன்னார்: "பொடியனையும் குடுத்து, கட்டிலையும் சும்மா குடுத்திட்டீங்க. தாலியையும் நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க மிஸ், அவங்களுக்கு எதுக்குக் கரைச்சல்."

இனி நடந்ததைச் சொல்கிறேன். இந்த இல்லத்தில் நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருகிற எல்லோரும் முதல் நாளே கேட்பது அதைத்தான்: கடைசி நேரமென்றால் உயிரோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள், மூச்சு சொந்த வீட்டில் போக வேண்டும், பாடை சொந்த வாசலால் இறங்க வேண்டும். எங்களுக்கும் அது நல்லதுதான். மற்றக் கட்டிலில் கிடக்கிறவர்கள் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, விசாரணை என்று யாரும் வரத் தேவையில்லை. வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை பார்த்த அந்த ஐயாவை நீ சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி வீட்டுக்குள் கொண்டு போனது நினைவிருக்கிறதா. மனைவி வாயில் பால் விட்டார், அவர் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வருகிறபோது வானில் நீ, "அம்மா, இந்த ஒண்டை மட்டும் நாம சரியாச் செய்யிறம்" என்றாய். நான் அதை மறக்கவில்லை. மற்ற எதையும் சரியாகச் செய்யாத நாட்களில் அதை நினைத்துக்கொள்வேன்.

போன கிழமை போடியாருக்கு மூச்சு மாறியது. கால் குளிர்ந்து, கண் மேலே ஏறிவிட்டது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள் என்றார். நவமணிக்குப் போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. தர்ஷிக்கு எடுத்தேன், எடுக்கவில்லை. பிந்தினால் வழியிலேயே போய்விடும் என்ற பயத்தில் வானைக் கூப்பிட்டு, றைவரும் றோஸ் அன்ரியும் நானுமாகத் தூக்கிப் போட்டு, கல்லடிப் பாலம் தாண்டி, களுதாவளைப் பக்கம் அவருடைய வீட்டுக்குக் கொண்டு போனோம். நல்ல வெயில். கேற்றடியில் பந்தல் கம்புகள் குவித்திருந்தார்கள். அந்த அறையின் ஜன்னல் திறந்து கிடந்தது, உள்ளே ஒருவன் ஏணியில் நின்று நீலப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தான், வெளியே புதுக் கட்டில் இறக்கிக் கிடந்தது. நவமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் வானுக்குள் எட்டிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்து நான் கையை நீட்டினேன்.

"என்ன மச்சாள் இது, சொல்லாமக் கொள்ளாம?"

"போன் எடுத்த நான், நீங்க தூக்கல்ல. டொக்டர் சொல்லிட்டார். கட்டிலைப் போடுங்க, நேரமில்ல."

"எந்தக் கட்டிலைப் போடுற? அறைக்குப் பெயின்ற் அடிக்கிறாங்க, கண் இல்லையா. இப்ப செத்த வீட்டுத் துடக்கு வந்தா கல்யாணம் நிக்கும். நிண்டா உங்கட மகன் பிளேன் ஏறிடுவான். யப்பானுக்குப் போனவன் மறுகா இவளைக் கட்ட வருவான் எண்டு எழுதித் தருவீங்களா?" அவர் சத்தம் போடவில்லை. அடுத்த வளவுக்குக் கேட்கக்கூடாது என்று கேற்றைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார். "நீங்களும் ஒரு தாய்தானே. உங்கட மகனுக்கும்தானே நல்லது. கொண்டு போங்க மச்சாள். அங்கேயே வச்சிருங்க."

அப்போது தர்ஷி உள்ளே இருந்து ஓடி வந்தாள். வானுக்குள் கையைப் போட்டு அம்மப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நவமணி அவளைத் தோளில் பிடித்து இழுத்து, "போ, பின்னால கிணத்தடியில குளிச்சிட்டு உள்ளுக்கு வா" என்றார். செத்த வீட்டுக்குப் போய் வந்த பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான். போடியார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், மகனே. பாதம் குளிர்ந்திருந்தாலும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பிள்ளை அவரையும் பார்த்தது, என்னையும் பார்த்தது, பிறகு கிணற்றடிக்குப் போனது. வாளி கிணற்றில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பேச்சுச் சத்தத்திலோ வெயிலிலோ போடியார் கண்ணைத் திறந்தார். வானின் பக்கக் கண்ணாடியால் தான் வைத்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு, "வீடு வந்திட்டா?" என்று கேட்டார். றோஸ் அன்ரி அவருடைய நெற்றியைத் துடைத்து, "இல்ல ஐயா, இன்னும் பாலம் தாண்டல்ல" என்றார். றைவர் வானைத் திருப்பினான். வந்த வழியே திரும்பி, கல்லடிப் பாலத்தில் ஏறியபோது சக்கரம் பொருத்துகளில் தட்டித் தட்டிப் போகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. முகம் தெளிந்தது. "பாலம் தாண்டியாச்சு. இனி வீடுதான்" என்றார். நானும் "ஓம்" என்றேன்.

அவர் சாகவில்லை. சாகக் கொண்டு போனவர் திரும்பி வந்து இரண்டாம் நாள் கஞ்சி கேட்டார். ஆனால் அவரைப் பொறுத்தவரை அந்தப் பயணம் முடியவில்லை, இன்னும் வானில்தான் போய்க்கொண்டிருக்கிறார். நான் பக்கம் திருப்பிப் போட்டால், "பள்ளம் பார்த்து ஓட்டு றைவர்" என்கிறார். காற்றாடியைப் போட்டால், "கண்ணாடியைச் சாத்து" என்கிறார். இப்போதும், இதற்கு முன் எழும்பிப் போனபோது, "எவ்வளவு நேரம்டா, மாட்டு வண்டியில போயிருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பன்" என்று என்னைத் திட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அதை ஏன் உன்னிடம் மறைக்க வேண்டும்.

கேற்றடியில் நடந்த அன்று பொழுதுபடுகிற நேரம் உன் போன் வந்தது. நவமணி உனக்குச் சொல்லிவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. போடியாருக்கு இப்போது எப்படி என்று கேட்பாய் என நினைத்தேன். நீ கேட்கவில்லை. "கல்யாணம் முடியுமட்டும் எப்பிடியும் வச்சிருங்க அம்மா. மறுகா பாப்பம்" என்றாய். வச்சிருங்க. அதே சொல்லைத்தான் கேற்றடியில் உன் மாமியும் சொன்னார். மீனைக் குளிர்ப்பெட்டியில் வச்சிருங்க என்பதுபோல. ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே அந்த வீட்டுப் பேச்சு உன் வாயில் வந்துவிட்டது. நீ நல்ல மருமகனாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி வைத்திருக்க எனக்கு இடமில்லை. வீட்டுக்காரன் இந்த மாதக் கடைசியோடு வீட்டைக் கேட்டுவிட்டான். வாவியைப் பார்த்த அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு விடப்போகிறானாம். பூரணம் அம்மா கட்டிலிலிருந்து தண்ணீரைப் பார்க்கிற ஜன்னலை அளந்து, இங்கே ஏசி வரும் என்று அவர் தலைக்கு மேலே நின்றே பேசினான். நான் தடுக்கவில்லை. ரதியும் இல்லை, நீயும் இல்லை, றோஸ் அன்ரிக்கும் முழங்கால் வீங்கிவிட்டது. மூடுகிறேன். மற்றவர்களுக்கு எல்லாம் எப்படியோ ஓர் இடம் பார்த்தாயிற்று. சிலரைப் பிள்ளைகள் வந்து கூட்டிப்போகிறார்கள், சிலர் வேறு இல்லங்களுக்குப் போகிறார்கள். போடியாருக்கு மட்டும் இடமில்லை. குடும்பத்தில் ஒருவர் பொறுப்பென்று வந்து நிற்காமல் எந்த இல்லமும் எடுக்காது. நவமணியிடம் கேட்டேன். "நீங்க இரிக்கிறீங்கதானே மச்சாள்" என்றார்.

நான் பனிச்சங்கேணிக்குப் போகிறேன், உன் மாமாவிடம். அவன் ஒரு நல்ல மனுசன். "அந்தக் கிழவனையும் கொண்டு வா அக்கா, வீட்டுக்குப் பின் பத்தித் தாவாரத்தில ஒரு கட்டில் போட இடமில்லையா" என்றான். இடம் இருக்கிறது. நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஏன் என்று கேட்டான், அவனுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். நான் அவரைக் கொண்டு போய் வைத்துக்கொண்டால் நீ நிம்மதியாக அந்த நீல அறையில் படுப்பாய். அம்மா பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லிக்கொண்டு படுப்பாய். அந்த நிம்மதியை உனக்குத் தர எனக்கு மனமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு மகள் இல்லை. நம் பக்கத்தில் வயதான தாய் மகள் வீட்டில்தான் போய் இருப்பாள். மகனை மட்டும் பெற்றவள் மருமகளுடைய வீட்டுக் கேற்றடியில்தான் நிற்க வேண்டும். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் இந்தக் கட்டில்களுக்கு நடுவே நடக்கும்போது நான் எதில் கிடப்பேன், யார் என் தலைமுடியை வெட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். அந்தக் கேற்றில் நாளைக்கு எனக்கு என்ன நடக்கும் என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். பயந்தவள் இப்படித்தான் யோசிப்பாள், குறை நினைக்காதே.

ஆகவே இதைத்தான் செய்யப்போகிறேன். வீட்டைக் கையளிக்கிற அன்று காலையில் வானுக்குச் சொல்லிவிட்டேன். அதற்கு முன் நீ கொழும்பிலிருந்து வந்துவிடு. வந்து, போடியாரின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி, அந்தக் கேற்றடியில் இறங்கி நில். எனக்குச் சாத்தின கேற்றை வீட்டுக்கு வரப்போகிற மருமகனுக்கு நவமணி சாத்தமாட்டார். புதுக் கட்டிலில் அவரைக் கிடத்து. அவர் கல்யாணத்துக்கு முன் போனால் கல்யாணம் தள்ளிப்போகட்டும், யப்பான் எங்கும் ஓடிவிடாது. போகாமல் கிடந்தால் அந்த வாசலில்தான் நீ தாலி கட்டுவாய், அவர் கட்டிலிலிருந்தே மேளச் சத்தம் கேட்பார். தர்ஷி உன் பக்கம் நிற்பாளா தாயின் பக்கம் நிற்பாளா என்பதும் உனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு கட்டுவது நல்லது.

நீ வராவிட்டால், நான் அந்தக் கேற்றடிக்கு இன்னொரு தடவை போகமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவேன். பெற்றவர்களை வார்டில் கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டு, மருந்து வாங்கி வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவர்களை நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். இந்தத் தடவை நானும் அதைச் செய்வேன். அவர்களைப்போல ஒளிந்து ஓடமாட்டேன், விபரம் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். சொந்தக்காரர் யார் என்று கேட்பார்கள். உன் பெயரையும் உன் போன் இலக்கத்தையும் சொல்வேன். கல்யாணம் பேசின நாளிலிருந்து சொந்தம்தானே. பிறகு அவர் எந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் அவர்கள் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான், வீடு வந்திட்டா என்று. அதற்கு என்ன சொல்வது என்று நீ பார்த்துக்கொள்.

பூரணம் அம்மா கூப்பிடுகிறார். இந்த நேரத்தில் தண்ணீர் கேட்பார். இன்றைக்குக் கொடுக்கப்போகிறேன். வருவாயா, மாட்டாயா என்று மட்டும் எழுது. வானை எந்தப் பக்கம் திருப்பச் சொல்வது என்று நான் றைவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் போடு, மகனே.